அங்கன்வாடியில் பாட்டு ஒலிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கருவில் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்ததும் அம்மாவின் குரலை அது அடையாளம் காண்பது அதனால்தான். தாலாட்டுக்கு அழுகை அடங்குகிறது. பேசக் கூச்சப்படும் பிள்ளைகூடக் கூட்டத்தோடு கைதட்டிப் பாடிவிடும்.

இன்றோ சோறூட்டவே கைப்பேசி வேண்டியிருக்கிறது. இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. திரையில் ஓடும் பாட்டு பிள்ளையின் முகம் பார்த்து மெதுவாகாது. பாட்டி பாடினால் ஆகும்.

அங்கன்வாடிகளில் பதிவேடு, சத்துமாவு, எடை பார்ப்பது என்று பணியாளர் ஓடும்போது பாட்டுக்கான நேரம்தான் முதலில் சுருங்குகிறது. காலிப் பணியிடங்களை அரசு சீக்கிரம் நிரப்ப வேண்டும். அப்புறம், மையத்துக்கு ஒரு கஞ்சிராவும் ஒரு ஜோடி ஜால்ராவும் வாங்கித் தரலாம்; பெரிய செலவில்லை.

- ஒரு வாசகி, மன்னார்குடி