முரளியின் 800

ஆசிரியருக்கு,

இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனைப் பற்றிப் பேசினால் 800 டெஸ்ட் விக்கெட் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். 133 டெஸ்டில் 67 முறை ஒரே இன்னிங்ஸில் ஐந்தோ அதற்கு மேலோ விக்கெட் எடுத்தாரே, அதுதான் எனக்குப் பெரிது. ஒரு முனையில் மணிக்கணக்காக வீசிய தோள் அது!

1995இல் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர், அவர் பந்தை வீசாமல் எறிகிறார் என்று திரும்பத் திரும்ப நோபால் (செல்லாத பந்து) கொடுத்தார். ஆனால் முரளியுடையது பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை. ஆய்வகச் சோதனைகளுக்கும் தயங்காமல் போனார் முரளி. அப்புறமும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

2010இல் இலங்கையின் காலி நகரில், 800ஐத் தொட இன்னும் எட்டு விக்கெட் தேவை என்ற நிலையில் அதுவே தன் கடைசி டெஸ்ட் என்று அறிவித்தார். என்ன துணிச்சல்! முரளியின் கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டாக இந்தியாவின் பிரக்யான் ஓஜா, ஸ்லிப்பில் மஹேலா ஜயவர்தனவிடம் பிடிபட்டார். கண்டியில் தொடங்கிய இந்தப் பயணத்தை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

– ஒரு வாசகர்