தெரேசின் குழந்தைகளின் காகிதங்களைக் காத்தவர்களுக்கு

செக் தலைநகர் பிராகுக்கு வடக்கே, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் கெட்டோவில் 1941 முதல் 1945 வரை யூதக் குழந்தைகள் வரைந்தவையும் எழுதியவையும் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன. குழந்தைகளில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமிலிருந்து திரும்பவில்லை. காகிதம் தானாகப் பிழைத்துவிடாது. ஒவ்வொரு காகிதக் கட்டையும் யாரோ ஒருவர் கையில் எடுத்து ஒளித்திருக்கிறார். அவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸுக்கு. 1942 டிசம்பரில் கெட்டோவுக்கு அனுப்பப்பட்டபோது, தனக்கு அனுமதிக்கப்பட்ட மூட்டையில் ஓவியப் பொருட்களையும் கொண்டுபோனார். அவை தீர்ந்தபின், ஒருபக்கம் அச்சான அலுவலகப் படிவங்களின் பின்புறத்தில் பிள்ளைகள் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் வரைந்த பிள்ளையின் பெயரை எழுதவைத்தது அவர் செய்த பேருதவி. ஆவணக்காரர்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும். பெயர் இருந்தால் நாடுகடத்தல் பட்டியலோடு ஒப்பிடலாம். வரைந்தவர் பிழைத்தாரா என்று அறியலாம். ஆனால் பெயர் மட்டும் போதாது. செக் வழக்கப்படி பெண்பால் விகுதி சேர்த்து 'வைஸோவா' என்று கையெழுத்திட்ட சிறுமி ஜெர்மன் பட்டியலில் 'வைஸ்' என்றிருப்பாள். பிறந்த தேதியும் பொருந்தினால்தான் உறுதி.

1944 அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்களை விட்டுச் சென்றிருந்தார். அவற்றைப் பேணிய ராயா எங்லேண்டரோவாவுக்கும், 1945 ஆகஸ்டில் பிராகுக்குக் கொண்டுசேர்த்த வில்லி குரோவாக்குக்கும் நன்றி. ஊர் முழுக்க இழவு விழுந்திருந்த நேரத்தில் பிள்ளைகளின் படப்பெட்டியைச் சுமந்து வந்தது சின்ன விஷயமில்லை.

'வெடெம்' கையெழுத்து வார இதழைத் தெரேசின் பையன்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் கூடி வாசித்தார்கள். பெட்ர் கின்ஸ் ஆசிரியர். ஆரம்பத்தில் தட்டச்சு, ரிப்பன் தீர்ந்ததும் கையெழுத்து. சுமார் 800 பக்கங்களை ஒளித்து வைத்துக் காத்த ஸ்டெனெக் டௌஸிக்குக்கு நன்றி.

ஹெல்கா வைஸோவா பன்னிரண்டு வயதில் கெட்டோவுக்குள் போனவர். பனிமனிதன் படம் வரைந்து அப்பாவுக்கு அனுப்ப, காண்பதை வரை என்றார் அப்பா. அந்தச் சொல்லால்தான் வரிசையில் நிற்பவர்களும் அடுக்குக் கட்டில்களும் அவள் தாளில் வந்தன. 1944இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படும் முன் நாட்குறிப்பையும் படங்களையும் மாமாவிடம் கொடுத்தாள்; அவர் கெட்டோவிலிருந்த மக்டபுர்க் பாசறையின் சுவருக்குள் செங்கல் வைத்துப் பூசினார். அப்பா திரும்பவில்லை. அந்த இருவருக்கும் நன்றி.

கடைசியாக, பிராகின் பின்காஸ் யூத ஜெபஆலயச் சுவர்கள். செக் நாட்டுப் பகுதிகளான பொஹிமியா, மொராவியாவைச் சேர்ந்த, நாஜிகளால் உயிரிழந்த யூதர் 77,297 பேரின் பெயர்களை வாட்ஸ்லாவ் போஷ்டீக்கும் யிர்ஷி யோனும் 1954 முதல் 1959 வரை தூரிகையால் எழுதினார்கள்: ஊர்வாரியாக, குடும்பப் பெயர், முன்பெயர், பிறந்த தேதி, இறந்த நாள், அது தெரியாவிட்டால் உயிரோடிருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த நாள். தரை தாழ்வானது, வல்டாவா ஆறு பக்கத்தில். நிலத்தடி ஈரம் சுவரில் ஏறியது. 1968இல் மூடினார்கள், பெயர்கள் அழிந்தன. 1990களில் முழுவதும் மீண்டும் எழுதினார்கள். 2002 வெள்ளம் கீழ்வரிசைகளைக் கெடுத்தது. ஈரம் வற்றக் காத்திருந்து, அந்த வரிசைகளைத் திரும்ப எழுதிய கைகளுக்கும் எங்கள் நன்றி.