மேப்பை முதலில் சொல்லுங்கள், சிவ்வை அப்புறம் கேளுங்கள்: போட்டி அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அட்மின்களுக்கு,

வணக்கம். நம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போட்டியின் கால் இறுதியில் எங்கள் அணிப் பையனுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று இரவு குரூப்பில் ஓடிய சண்டையையும் படித்தீர்கள். படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போனீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த சுற்றிலிருந்தாவது, எந்த மேப்பில், அதாவது எந்த வகை நிலப்பரப்பில், ஆட்டம் என்பதை முதலில் சொல்லுங்கள். எந்த சிவ், அதாவது எந்த நாகரிகத்தை எடுத்து ஆடப் போகிறோம், என்று அப்புறம் கேளுங்கள்.

இப்போது இருக்கிற விதி இதுதான். இரண்டு பேரும் குரூப்பில் தங்கள் சிவ்வைச் சொல்லிவிட வேண்டும். அதன்பின் தரவரிசையில் மேலே இருப்பவர் லாபியை, அதாவது ஆட்டத்துக்கு முன் இருவரும் கூடும் இணைய அறையை, திறந்து மேப்பைத் தேர்வு செய்வார். கேட்டால், "எல்லாம் ரேண்டம் மேப்தானே ப்ரோ, யார் தேர்வு செய்தால் என்ன" என்கிறீர்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுகிற யாருக்கும் இதில் உள்ள ஓட்டை தெரியும், உங்களுக்கும் தெரியும். அரேபியா என்ற மேப்பைத் தேர்வு செய்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு அரேபியா உருவாகிறது, சரி. மலை எங்கே, காடு எங்கே, தங்கம் எங்கே என்பதைக் கணினி முடிவு செய்கிறது, அதுவும் சரி. ஆனால் திறந்தவெளி அரேபியாவா, சுவர் சூழ்ந்த அரீனாவா, தீவுகளாலான ஐலண்ட்ஸா என்பதைக் கணினி முடிவு செய்யவில்லை. எதிரியின் சிவ் என்னவென்று தெரிந்துகொண்ட ஒரு ஆள், நிதானமாக யோசித்து, தன் மவுஸால் முடிவு செய்கிறார்.

எங்கள் அணியின் கடைக்குட்டி தன் சிவ் திராவிடர் என்று சொன்னான். சொன்ன மாத்திரத்திலேயே எதிராளிக்குப் பாதி ஆட்டம் தெரிந்துவிட்டது. 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்ததிலிருந்து நம் பையன்களில் பாதிப் பேருக்கு அந்த சிவ்மேல்தான் பாசம். ராஜேந்திரன் கேம்பெயினை ஆடி முடித்தவனுக்கு வேறு எதையும் எடுக்க மனசு வராது. ஆனால் அது தண்ணீரில் பலம் காட்டுகிற சிவ். திரிசடை என்ற தனிப் போர்க்கப்பல் உண்டு, மீன்பிடிப் படகுகள் கூடுதலாகச் சுமக்கும். நிலத்திலோ நைட் என்ற கவசக் குதிரைவீரன் பேச்சுக்கே இடமில்லை. எதிராளி சொன்னது ஃபிராங்ஸ். குதிரைக்குக் கூடுதல் உயிர், மலிவான கோட்டை. ஒரு பக்கம் நைட்டே இல்லாதவன், இன்னொரு பக்கம் நைட்டுக்கே பிறந்தவன். மேப்பைத் தேர்வு செய்கிற வேலை இரண்டாமவர் கையில். அவர் ஐலண்ட்ஸா எடுப்பார்? திறந்தவெளி அரேபியாவை எடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் விதி அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. நானாக இருந்தாலும் அதையேதான் எடுத்திருப்பேன்.

அப்புறம் மேப் உருவாகி வந்தது. அதை ரெக்கார்டிங்கில் நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பையனுடைய பெரிய தங்கம், ஏழு கட்டியும் சேர்த்து, ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்கு முன்னால் எதிரியைப் பார்த்த பக்கம் கிடந்தது. அதுவும் ஒரு மேட்டின் அடிவாரத்தில். மேட்டின்மேல் நிற்கிறவனுக்குக் கால் பங்கு கூடுதல் அடி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கு 800 வீதம் 5600 தங்கம் கண்ணெதிரே கிடக்கிறது, எடுக்கப் போகிற வேலையாளான வில்லேஜர் மட்டும் திரும்பி வருவதில்லை. ஆட்டத்தின் இரண்டாம் கட்டமான ஃபியூடல் ஏஜ் ஏறியதும் திராவிடருக்குக் கிடைக்கிற 200 மரத்தை முழுக்க வேலியில் போட்டான். அந்தத் தங்கத்தை உள்ளே வைத்து வேலி வளைக்க அது பத்தவில்லை. எதிராளியின் ஸ்கவுட் குதிரைவீரர்கள் வேலி மூடாத அந்த ஒரே பக்கமாக உள்ளே வந்து பெர்ரி பறித்துக்கொண்டிருந்தவர்களைக் கலைத்தார்கள். எதிராளிக்குத் தங்கம், கல், பெர்ரி எல்லாமே முதுகுப் பக்கம். மூன்றாம் கட்டமான காஸில் ஏஜில் முதல் நைட் வந்தபோது பையனிடம் இருந்தது ஈட்டிக்காரர்கள் சிலர். மீதியைச் சொல்ல வேண்டாம்.

ஆனால் நான் இந்த மடல் எழுதுவது அந்தத் தோல்விக்காக இல்லை. அந்தப் பையன் அந்த ஆட்டத்துக்குத் தயாரான விதத்துக்காக.

அவன் வீட்டில் இந்த விளையாட்டு ஓடுகிற அளவுக்குக் கணினி கிடையாது. ஐடிஐ வகுப்பு முடிந்து, மொபைல் கடையில் வேலை முடித்து, பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடுகிறான். அவனிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. "6 ஆடு, 4 மரம், அடுத்த ஆள் பன்றி இழுக்க, வீடு, பெர்ரி" என்று பென்சிலில் எழுதி, பக்கத்திலேயே எத்தனையாவது நிமிடத்தில் 500 சாப்பாடு சேர்ந்தது என்று குறித்து வைத்திருக்கிறான். அரேபியாவுக்கு ஒரு பக்கம். அரீனாவில் சுற்றிலும் கல் சுவர் இருப்பதால் நேரே காஸில் ஏஜ் ஏறலாமா என்று ஒரு பக்கம். ஐலண்ட்ஸில் முதல் டாக், அதாவது துறைமுகம், எப்போது என்று ஒரு பக்கம். நோமட்டில் டவுன் சென்டரே இல்லாமல் தொடங்க வேண்டும் என்பதால், வில்லேஜர்கள் சிதறிக் கிடக்கும்போது எங்கே கட்டுவது என்று அதற்கு இரண்டு பக்கம். பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் பாதியில் நிற்கிறது, அந்த மாதக் காசு தீர்ந்துவிட்டதால்.

இத்தனை மேப்பையும் அவன் ஏன் பழகினான்? எது வரும் என்று நீங்கள் சொல்லாததால். எதிராளி ஏன் ஒரே ஒரு மேப்பை மட்டும் பழகினார்? எது வரும் என்று அவருக்குத் தெரியும், அவர்தானே தேர்வு செய்யப் போகிறார்! தரவரிசையில் மேலே இருப்பவர் ஒன்றைப் பழகினால் போதும், கீழே இருப்பவர் எல்லாவற்றையும் பழகியாக வேண்டும். இந்த விதியில் ஏற்கெனவே வலுவாக இருப்பவருக்கு உழைப்பு குறைகிறது, ஏற முயல்கிறவனுக்குக் கூடுகிறது. வீட்டில் சொந்தக் கணினி வைத்திருக்கிற எனக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். மணிக்குக் காசு கொடுக்கிறவனுக்கு இது சட்டைப் பையிலிருந்து போகிற பணம். ஒரு வாரம் முன்னால் நான்கு மேப்பின் பெயரை எழுதிப் போட்டிருந்தால், அந்தக் காசை அவன் அந்த நான்கில் மட்டும் செலவழித்திருப்பான். தோற்றிருந்தாலும் 'நல்ல ஆட்டம்' என்று ஜிஜி போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான்.

"அதிர்ஷ்டமும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்" என்று உங்களில் ஒருவர் பதில் போட்டிருந்தார். மறுக்கவில்லை. இந்த விளையாட்டை 1999இல் வந்ததிலிருந்து உயிரோடு வைத்திருப்பதே அந்த அதிர்ஷ்டம்தான். ரிச்சி ஸ்ட்ரீட் சிடி காலத்திலிருந்து ஆடுகிற எனக்கு இன்னமும் மேப் கறுப்பாகத் திறந்து, ஸ்கவுட்டை முதல் வட்டம் ஓட்டும்போது ஒரு படபடப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விளையாட்டை உருவாக்கியவர்களே அந்த அதிர்ஷ்டத்துக்குக் கடிவாளம் போட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். ரேண்டம் மேப் என்பது ஒரு ஸ்கிரிப்ட். நோட்பேடில் திறந்து படிக்கலாம். நிலம், மேடு, காடு, பொருட்கள் என்று பகுதி பகுதியாக எழுதியிருக்கும். தங்கம் ஆட்டக்காரரிடமிருந்து குறைந்தது இவ்வளவு தூரம், அதிகபட்சம் இவ்வளவு தூரம் என்று எல்லை போட்டிருக்கும். இவனுக்கு எத்தனை ஆடோ அவனுக்கும் அத்தனை ஆடு, இவனுக்கு எத்தனை பன்றியோ அவனுக்கும் அத்தனை பன்றி. அந்த எல்லைக்குள்தான் பகடை உருள்கிறது. நீங்கள் அந்த எல்லைக்கு வெளியே இன்னொரு பகடையை உருட்டுகிறீர்கள், அதையும் ஒரு பக்கத்து ஆளின் கையில் கொடுத்து. கிரிக்கெட்டில் டாஸ் உண்டு. இரண்டு அணியும் ஆட்களை இறக்கிய பிறகு, டாஸ் ஜெயித்தவர் "இன்றைக்குக் கபடி" என்று சொல்வது கிடையாது.

வெளியே எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். விளையாட்டின் சொந்த ரேங்க்டு மேட்சிலேயே பூலில், அதாவது ஆடக்கூடிய மேப் பட்டியலில், என்னென்ன மேப் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்; பிடிக்காததை பேன் செய்து ஒதுக்கலாம். கிங் ஆஃப் த டெஸர்ட் போட்டிக்குப் போகிறவனுக்கு அரேபியாதான் என்று பெயர் கொடுக்கும்போதே தெரியும். பெரிய போட்டிகளில் மேப் பூலை முன்பே வெளியிட்டு, இரண்டு பேரும் மாறி மாறி வேண்டாததை பேன், வேண்டியதை பிக் செய்து, அதன்பின் அந்தந்த மேப்புக்கு சிவ் எடுக்கிறார்கள். அதற்கென்றே கேப்டன்ஸ் மோட் என்று ஒரு இணையதளம் இருக்கிறது. காசு கிடையாது. ஒரு லிங்க்கை இரண்டு பேருக்கும் அனுப்பினால் வேலை முடிந்தது. லட்சக்கணக்கில் பரிசு வைக்கிறவர்கள் பின்பற்றுகிற முறையை, கிஃப்ட் வவுச்சர் பரிசு வைக்கிற நாம் பின்பற்ற முடியாத அளவுக்கு எந்தச் சிரமம் குறுக்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

வவுச்சர் என்றதும் ஞாபகம் வருகிறது. போன முறை ஜெயித்தவருக்கு அது வந்து சேர்ந்ததா? நுழைவுக் கட்டணம் மட்டும் ஜிபேயில் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போஸ்டர் அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். யானை, வாள், பின்னால் தீப்பிழம்பு, கீழே ஒரு கூடை ஹேஷ்டேக். விதிகளுக்கு மட்டும் அதில் இடம் இல்லை. விதிகள் எல்லாம் வாய்ஸ் மெசேஜில், அதுவும் யாரோ பைக் ஓட்டிக்கொண்டே பேசியது. ஆட்ட நேரம் இரவு 11 என்று ஆட்டத்துக்கு முந்தின நாள் சொல்கிறீர்கள். பிரவுசிங் சென்டர் அதற்கு முன்பே ஷட்டர் இறக்கிவிடும். அந்தக் கால் இறுதிக்கு அவன் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பாதி ஷட்டரை இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஆடினான். தங்கம் வெளியே கிடப்பதைப் பார்த்ததும் சாட்டில் "ரீஸ்டார்ட் ப்ளீஸ்" என்று போட்டான். உங்களிடமும் கேட்டான். "ப்ளே பண்ணுங்க ப்ரோ, கேஷுவல் டோர்னமென்ட்தானே" என்று பதில் வந்தது. கேஷுவல்தான், ஒத்துக்கொள்கிறேன். கட்டணம் வாங்குகிற நேரத்திலும் தோற்றவனை வெளியே அனுப்புகிற நேரத்திலும் மட்டும் ரொம்ப சீரியஸாகிவிடுகிறது.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நீங்களும் சம்பளத்துக்கு இதைச் செய்யவில்லை, வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் பிராக்கெட் போட்டு, நள்ளிரவில் ஸ்ட்ரீம் ஓட்டி, எங்கள் புலம்பலையும் கேட்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். தமிழில் கமென்டரி கேட்டுக்கொண்டே இந்த விளையாட்டைப் பார்க்க முடிகிறது என்றால் அது உங்களால்தான். அதனால்தான் குரூப்பை விட்டு வெளியேறாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. சுற்று தொடங்க ஒரு வாரம் முன்னால் மேப் பட்டியலை எழுத்தில் போடுங்கள். திறந்தவெளி ஒன்று, மூடியது ஒன்று, தண்ணீர் ஒன்று, கலப்பு ஒன்று இருந்தால் போதும். யார் ஹோஸ்ட் செய்தாலும் மேப் அவர் கையில் இருக்கக் கூடாது, பேன், பிக் இரண்டு பேருக்கும் சமமாக இருக்கட்டும். மேப் முடிவான பிறகு சிவ் கேளுங்கள். ரீஸ்டார்ட் விஷயத்தில் நான் ரொம்ப அடம் பிடிக்க மாட்டேன். முதல் இரண்டு நிமிடத்துக்குள், பெரிய தங்கம் முன்பக்கம் விழுந்தால் ஒரு ஆளுக்கு ஒரு முறை புது மேப் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. முடியாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், பழகிக்கொள்கிறோம். மேப்பை முதலில் சொல்வதில் மட்டும் பேரம் இல்லை.

கால் இறுதியை மறுபடி நடத்தச் சொல்லவில்லை. பையனும் கேட்கவில்லை. முடிவு முடிவாகவே இருக்கட்டும். அரை இறுதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்திருக்கிறீர்கள், ஆடப் போகிற நான்கு பேரில் இரண்டு பேர் தரவரிசையில் கீழே இருப்பவர்கள். அவர்களுக்காகவாவது இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியலைப் போட்டுவிடும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். கேப்டன்ஸ் மோட் லிங்க் உருவாக்கி அனுப்ப ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், அந்த வேலையை நானே செய்கிறேன். ஆட்ட நேரத்தையும் முடிந்தால் இரவு 8 மணிக்கு வையுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் குரூப்பில் முதல் போட்டியிலிருந்து கட்டணம் கட்டி ஆடுகிற ஒருவன்