வரைந்தவர் பெயரையாவது போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேமிலிருந்து வரும் காமிக்ஸ் எல்லாமே கேமை விற்பதற்கான விளம்பரம்தான் என்று போன இதழின் மதிப்புரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்கு உதாரணமாக, ஸ்டார்கிராஃப்ட் என்ற விண்வெளிப் போர் கேமை வைத்து வந்த 'ஸ்டார்கிராஃப்ட்: ஃப்ரன்ட்லைன்' காமிக்ஸ் சிறுகதைத் தொகுதிகளைக் காட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விளம்பரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. டோக்கியோபாப் பதிப்பகம் 2008, 2009ல் நான்கு தொகுதிகளாக அதைக் கொண்டுவந்தபோது ரசிகர்கள் எல்லாரும் ஸ்டார்கிராஃப்ட் 2க்காகக் காத்துக்கிடந்தார்கள், கேமை உருவாக்கிய பிளிஸார்டு நிறுவனத்துக்கு அந்தக் கணக்கு இல்லாமலா இருந்திருக்கும்? சரி, கணக்குப் போட்டு வெளியிட்ட புத்தகத்தில் நல்ல கதை இருக்கக் கூடாதா என்ன?

1998ல் வந்த முதல் கேமை விளையாடியவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாவற்றையும் மேலே இருந்துதான் பார்க்கிறோம். தோண்டிச் சேர்த்த கனிமத்தில் (மினரல்) 50 செலவழித்தால் மரைன் என்கிற ஒரு சிப்பாய் வந்து நிற்பான், ஒரே நேரத்தில் 12 பேரைத் தேர்ந்தெடுத்து ஸெர்க் என்கிற வேற்றுக்கிரக ஜந்துக் கூட்டத்துக்குள் அனுப்பலாம், செத்தால் இன்னொரு 12 பேர், அவ்வளவுதான், ஒருத்தனுக்கும் பெயர் கிடையாது. (திரும்பத் திரும்ப கிளிக் செய்தால் எரிச்சலோடு ஏதாவது சொல்வான், அது வேறு விஷயம்.) அந்தப் பெயரில்லாத ஆளின் பக்கத்தில் போய் நின்று பார்க்க ஒரு சிறுகதை போதும். போரின் முழு வரலாற்றையும் யாரும் அங்கே எதிர்பார்க்கப் போவதில்லை. தொகுப்பு என்கிற வடிவம் இந்த கேமுக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணமே அதுதான், உங்கள் மதிப்புரை அதைத் தொடவே இல்லை.

இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'எ கோஸ்ட் ஸ்டோரி' எழுதிய கீரன் கில்லன் கேம் விமர்சகராக இருந்து காமிக்ஸுக்கு வந்தவர், பிறகு அந்த உலகத்தில் பெரிய பெயர் வாங்கினார். அதே தொகுதியில் கிரேஸ் ராண்டால்ஃப் எழுதிய 'நியூஸ்வொர்தி', கேட் லாக்வெல் என்ற நிருபரின் கதை. 2010ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2ல், களத்திலிருந்து உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஸ்டூடியோக்காரர் பேச்சை வெட்டிவிடுவாரே, அதே லாக்வெல்தான். கேமில் இடையிடையே நகைச்சுவைக்காக வந்துபோகிறவளுக்கு காமிக்ஸில் முழுசாக ஒரு கதை கிடைத்திருக்கிறது. நான்காம் தொகுதியில் கேமின் நாயகர்களில் ஒருவரான ரேய்னரைப் பற்றிய 'ஹோம்கமிங்' எழுதியது வேறு யாரோ இல்லை, கேமின் கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் மெட்சன். இதையெல்லாம் சேர்த்து ஒரே வரியில் தள்ளிவிட முடியுமா?

குறை இல்லாமல் இல்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. கவசம் போட்ட பத்துப் பேர் ஒரே கட்டத்தில் சுட்டுக்கொண்டிருந்தால் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் கண் வலிக்கிறது. அப்புறம் 'ஹெவி ஆர்மர்' கதையைப் பாதியில் வெட்டி, மீதியை இரண்டாம் தொகுதியில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை நீங்கள் விளம்பர புத்தி என்று திட்டியிருந்தால் நானும் கூடவே திட்டியிருப்பேன்.

ஒரு வேண்டுகோள். தொகுப்பு நூல் என்றால் ஒவ்வொரு கதைக்கும் எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறு. உங்கள் மதிப்புரையில் கேமின் பெயரும் நிறுவனத்தின் பெயரும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒரு ஓவியர் பெயர்கூட இல்லை. அடுத்த முறை எந்தக் கதை நன்றாக இருந்தது, எது சொதப்பியது, யார் வரைந்தது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இடம் போதாது என்றால் அட்டைப்படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்