உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் வரும் சமையல் குறிப்புகளை நானும் எங்கள் தெருத் தோழிகளும் சேர்ந்து செய்து பார்ப்பது வழக்கம். ஞாயிறு மாலை யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். எங்களில் இரண்டு பேருக்கு இரத்த அழுத்தம், ஒருத்திக்குச் சர்க்கரை. ஆகவே அளவு எங்களுக்கு ரொம்ப முக்கியம். குறிப்புகளிலோ உப்பும் எண்ணெயும் 'தேவையான அளவு' என்றே இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்!

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதிலிருந்து சிறுதானியக் குறிப்புகள் நிறைய வருகின்றன. நல்லதுதான். ஆனால் பாதிக்கு மேல் முறுக்கு, வடை, அதிரசம். எண்ணெயில் பொரித்தெடுத்தால் வரகானாலும் பலகாரம் பலகாரம்தானே. போன வாரம் தோழி ஒருத்தி செய்த சாமைத் தயிர்சோறு எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனது. சாமை ஆற ஆற இறுகும் என்பதால் குழைய வேகவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மோர் விட்டுப் பிசைந்தாள். தாளிக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். அப்புறம் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை. தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்குப் பதில் கொத்தவரங்காய்ப் பொரியல்.

இப்படிப்பட்ட அன்றாடச் சாப்பாட்டுக் குறிப்புகளையும் போடுங்கள். எத்தனை பேருக்கு, உப்பு எத்தனை தேக்கரண்டி, எண்ணெய் எத்தனை தேக்கரண்டி என்று ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு வரி சேர்த்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி, திருநெல்வேலி