லாங்டாங் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். மாடிப்படி ஏறினால் மட்டும் இன்னும் மூச்சு வாங்குகிறது. நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில், கியான்ஜின் கோம்பா என்ற மலையூரில் அன்றிரவு அண்ணனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறுபடி எழுத மனசு வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

3,870 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குவது ஒன்றுதான் அப்போது மருந்து. மேகம் கவிந்து கிடந்ததால் ஹெலிகாப்டர் வர வழியில்லை. விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி லாங்டாங், தங்ஷியாப், கோடாதபேலா என்று ஊர் ஊராக இறங்கினோம். சுமை தூக்க வந்த, அந்த மலையின் தமாங் இனத்துத் தம்பி மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டான். அந்த அவசரத்திலும் வழியில் வந்த மணிச் சுவர் (மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய சுவர்) ஒவ்வொன்றையும் வலக்கைப் பக்கம் விட்டுத்தான் கூட்டிப்போனான். எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறான் என்றே எனக்குப் பட்டது.

லாங்டாங்கில் ஒரு லாட்ஜ் வாசலில் மூச்சுவிட உட்கார்ந்தோம். அந்த வீட்டு அக்கா அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், பெரிய பச்சை பிளாஸ்க் ஒன்றோடு வந்தார். கைப்பிடியில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. உள்ளே எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்ட வெந்நீர். அந்த உயரத்தில் சமையல் எரிவாயு கோவேறு கழுதை முதுகில்தான் வருகிறது. வெந்நீருக்கும் விலை உண்டு, மேலே போகப் போக விலையும் ஏறும். நான் பணத்தை நீட்டியதும் என் கையை மடக்கிவிட்டார். “பிளாஸ்க்கை எடுத்துப் போ பஹினி (தங்கச்சி), லாமா ஹோட்டல் ஊரில் கழுதைக்காரர்களிடம் கொடுத்துவிடு, மேலே வந்துவிடும்” என்றார்.

முன்பின் தெரியாத எங்களிடம் தன் அடுப்படிச் சாமானைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்த வீடு தாண்டியதும் கற்குவியல். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மேலிருந்து பனியும் பாறையும் சரிந்து பழைய ஊரை அப்படியே மூடிவிட்டன. இன்றைக்கு நடைபாதை அதன் மேல்தான் போகிறது. இறந்தவர்களின் பெயர்கள் ஊரின் நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதில் அந்த அக்காவுக்கு வேண்டியவர்கள் எத்தனை பேரோ, கேட்க எனக்கு வாய் வரவில்லை. மலை அவ்வளவையும் பறித்துக்கொண்ட ஊரில் மறுபடி வீடு கட்டி, அடுப்பு மூட்டி, வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

நின்ற இடத்திலெல்லாம் மூடியில் ஊற்றி இரண்டு வாய் கொடுத்தேன். கோடாதபேலா தாண்டிக் காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அண்ணன் முதன்முதலாக வாயைத் திறந்தான். “பாப்பா, இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றான். தமாங் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஆக்சிஜன் அளவு பார்த்து மாத்திரை கொடுத்த மலையேறிகள், இருட்டில் டார்ச் பிடித்து எதிரே வந்த லாமா ஹோட்டல்காரர்கள், சியாப்ருபேசியிலிருந்து காட்மாண்டு வரை அலுங்காமல் ஓட்டிய ஜீப் டிரைவர், மருத்துவமனையில் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவர்கள், கேட்குமுன்னே பணம் அனுப்பிய சொந்தங்கள், நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பிளாஸ்க் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்துவிட்டதாக வழிகாட்டி சேதி அனுப்பியிருக்கிறார்.

மழை விட்டு வானம் தெளியும் ஐப்பசியில் அண்ணனோடு திரும்பப் போவேன். லாங்டாங் வரைதான், அதற்கு மேல் ஓரடி கிடையாது. தண்ணீருக்குக் காசு வாங்காதவர் அறைக்கும் சாப்பாட்டுக்குமாவது வாங்கித்தானே ஆகவேண்டும்! அதற்குள் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த அக்காவுக்கு அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அம்மா காத்திருக்கிறாள்.