படுகை வெந்தயம் பிழைத்தது, நன்றி!

திருவையாறு சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கு,

வெந்தயத்தை அடித்துத் தூற்றி நேற்றுதான் மூட்டை கட்டினோம். கை இன்னும் மணக்கிறது. கொள்ளிடப் படுகையில் என் முதல் விதைப்பு வேரழுகல் நோயில் போன கதி உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி கிளறவில்லை.

முதல் நன்றி, பேர் தெரியாத ஒரு கண்டக்டர் தம்பிக்கு. மறுவிதைப்புக்கு வேண்டிய இரண்டு நுண்ணுயிர்ப் பொடிகளை, வேரழுகலைத் தடுக்கிற டிரைக்கோடெர்மா விரிடியையும் வேர் முடிச்சில் தழைச்சத்து (நைட்ரஜன்) பிடித்துத் தருகிற ரைசோபியத்தையும், தஞ்சாவூரில் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பார்சல் என்றால் இன்ஜின் மூடி மேல்தானே போடுவார்கள்? அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற உயிரெல்லாம் செத்து வெறும் பொடிதான் வந்து சேரும் என்று பதைத்துக்கொண்டு நின்றேன். தம்பியோ தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஈரத்துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"வெயில் படாம குளிர்ச்சியா வைக்கணும்னு போட்டிருந்துச்சுக்கா. அதான் துண்டை நனைச்சு சுத்துனேன்."

அவர் தோளில் போடுகிற துண்டு! உருவி வாங்கிக்கொண்டு விசில் கொடுத்துவிட்டார், நன்றி சொல்லக்கூட விடவில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தை விவசாயிகள் நாமே எத்தனை பேர் படிக்கிறோம்?

கிலோ விதைக்கு 4 கிராம் விரிடி புரட்டி, பிறகு ஆறின கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி பக்கம் போகவில்லை. விரிடியும் ஒரு பூஞ்சாணம்தான், வேரழுகல் பூஞ்சாணத்தைச் சுற்றி வளைத்துத் தின்கிற வகை. மருந்து ஊற்றினால் இதுவும் சேர்ந்து போய்விடும். பூக்கிற சமயம் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து பிடிக்கிற முடிச்சுக்கு அதுதான் அடையாளம். வேரில் அழுகல் வாடையே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வரப்பில் போன பெரியப்பா பாம்பு கடித்துவிட்டதோ என்று ஓடிவந்தார்.

வேப்பம்புண்ணாக்கைக் கடனுக்குக் கொடுத்த மாமா, மட்கிய எருவில் விரிடியைக் கலந்து ஈரச்சாக்கு மூடி வைக்கச் சொல்லித்தந்த வேளாண் ஆபீஸ் மேடம், நோய்ச்செடிகளைப் பிடுங்கிக் கொளுத்திய அக்காமார்கள் எல்லோருக்கும் கும்பிடு. வீட்டுக்கு ஒரு படி வெந்தயம் வரும், வேண்டாமென்று சொல்லக் கூடாது.

மதியம் அரியலூர் பஸ்ஸில் வந்த அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி என்னிடம் விதை கேட்டு யார் வந்தாலும் விரிடி கலக்காமல் கொடுப்பதில்லை. விதைக்கிற அன்று காலையிலேயே வாருங்கள், கலந்து தருகிறேன்.